மணல் வாளி

இழுத்தோமா, இழுக்கவில்லையா. வேதவல்லிக்கு அது மட்டும் நினைவு வரவில்லை. மற்றதெல்லாம் இருந்தது. சோதனைச் சாவடியில் எஸ்.எஸ்.ஐ. ஆரோக்கியம் கையை நீட்டியது, வெள்ளைக் கார் நிற்கப்போவதுபோல வேகம் குறைந்து சட்டென்று சீறியது, இரும்புத் தடுப்பு அவர் முழங்காலில் அடித்து அவரைத் தூக்கி எறிந்தது, அவருடைய தொப்பி மட்டும் சாலை நடுவில் யாரோ எடுத்து வைத்தாற்போல நிமிர்ந்து உட்கார்ந்தது, மே மாதம் ஓய்வு பெற வேண்டிய மனிதர் அம்மா அம்மா என்று அழுதது, எல்லாம் இருந்தது. கூட இருந்த ஒரே கான்ஸ்டபிளை அவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஜீப்பை நோக்கி ஓடியது இருந்தது. ஓடும்போது வலது கை இடுப்பு உறைக்குப் போனது, இரும்பு சில்லென்று பட்டது, அதுவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, அழித்த கரும்பலகை போல. அடுத்த நினைவு ஜீப்பின் கதவு அறைந்து மூடிய சத்தம். இடையில் அந்த இரண்டு விநாடியில் அவள் பிஸ்டலின் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டாளா? இழுத்திருந்தால் மேகசினிலிருந்து ஒரு குண்டு மேலேறிக் குழலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், விரல் பட்டால் வெடிக்கும். இழுக்காவிட்டால் இடுப்பில் தொங்குவது வெறும் இரும்பு. இழுத்தால் ஒரு சத்தம் கேட்குமே, கர்ரக் என்று, அது கேட்டதா? ஆரோக்கியம் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கத்தலில் எது கேட்கும்? ஜீப் எண்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் இருநூறு அடியில் அந்த வெள்ளைக் கார், தை மாதத்து மத்தியான வெயில் அதன் பின்கண்ணாடியில் பட்டுத் தீக்குச்சி உரசியதுபோலப் பளிச்சிட்டது. உறை அவளுடைய வலப்பக்கம். வலப்பக்கத்தில் ஓட்டுநர் ஏட்டு முனிரத்தினம். உட்கார்ந்திருக்கும்போது உறை சரிந்துகொள்ளும், குழலின் வாய் சரியாக அவருடைய இடது முழங்காலைப் பார்க்கும். கியர் மாற்றும்போதெல்லாம் அந்த முழங்கால் எழுந்து எழுந்து இறங்கியது. காக்கித் துணியில் அந்த இடம் மட்டும் வெளுத்துப் பளபளத்தது. இழுத்திருந்தால், ஒரு பள்ளம், ஒரு தூக்கிப்போடல், போதும்.

"நாலு பேருன்னு சொல்றான் மேடம்," என்றார் முனிரத்தினம், வயர்லெஸ் மைக்கில் வந்த குரலைக் காட்டி. "நான் ஒருத்தனைத்தான் பார்த்தேன்." அவளும் ஒருவனைத்தான் பார்த்தாள். ஆனால் மைக்கில் ஒவ்வொரு கைக்கு மாறும்போதும் அந்தக் கார் வளர்ந்துகொண்டே போனது. முதலில் நிற்காமல் போன கார். பிறகு போலீஸை இடித்த கார். பிறகு நான்கு பேர். பிறகு, "ஆயுதம் இருக்கலாம், எச்சரிக்கை, ஓவர்." இருக்கலாம் என்ற சொல் அடுத்த குரலில் காணாமல் போனது. "நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்காங்களாம்." அந்த 'களாம்' அவள் காதில் ஈயைப்போல உட்கார்ந்தது. கிட்டே போகாதே, இடிக்காதே, முந்தாதே, கண்ணில் வைத்துக்கொண்டே போ, முன்னால் இருக்கிறவர்களுக்கு வழியைச் சொல்லிக்கொண்டே இரு. பயிற்சியில் படித்ததை மனம் பிள்ளைப்பாட்டுப்போல ஒப்பித்தது. ஓடுகிற வண்டியிலிருந்து சுடாதே. நின்ற பிறகு கதவின் பின்னால் நிற்காதே, கதவு தகரம், குண்டு அதைத் துளைத்துவிடும், எஞ்சின் பக்கம் போ. கைகளைப் பார். முகத்தைப் பார்க்காதே, கைகளைப் பார், கொல்வது கைதான். இதைச் சொன்ன பயிற்சியாளர் அம்மாளுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை, யாரும் ஏனென்று கேட்டதில்லை. "இடைவெளி விடுங்க ஏட்டய்யா." "விட்டுத்தான் இருக்கேன் மேடம். இதுக்கு மேல விட்டா அவன் பெங்களூரு போய் காபி குடிப்பான்." அவர் சிரித்தார். அவர் சிரிக்கிறபோது முழங்காலும் ஆடியது.

வேதவல்லிக்கு வீட்டுப் பூட்டு நினைவுக்கு வந்தது. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை போய்த் திரும்பி வந்து நான்காம் தரம் இழுப்பாள். கேஸை மூடினோமா, இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினோமா, செய்த காரியம் செய்த கையோடு மறந்துபோகும், கைக்கு ஒரு ஞாபகம், தலைக்கு ஒரு ஞாபகம், இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை. "பூட்டையே நம்பாதவளுக்கு எவன்டி துப்பாக்கி குடுத்தான்?" என்பான் கருணாகரன், சாப்பிட்ட தட்டை நகர்த்திக்கொண்டே. கல்யாணமாகி இருபது வருஷமாக ஒரே கேலி. அவளும் சிரிப்பாள். இப்போது அவன் கூட்டுறவுச் சங்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யாருக்கோ ரசீது எழுதிக்கொண்டிருப்பான். அவனுக்கு இந்தச் சாலை தெரியாது. இந்த முழங்கால் தெரியாது. இரண்டு மணி நாற்பது. காலையிலிருந்து வருவோம், ஒவ்வொன்றாக, அப்படி வந்தால் பிடிபடும். காலையில் ஏழு மணிக்கு ஆயுத அறையில் தங்கப்பன் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பிஸ்டலை நீட்டினார். மேகசின் தனி. பத்து ரவுண்டு, தகரத்தட்டில் கொட்டி எண்ணி, கையெழுத்து. பிறகு எப்போதும் செய்வது: மேகசின் போடாமல் ஸ்லைடை இழுத்து உள்ளே ஒன்றுமில்லை என்று பார்ப்பது, வாசலில் இருக்கிற மணல் வாளிக்குள் குழலைக் காட்டி விசையை அழுத்துவது. டக். பின்னால் நிமிர்ந்திருந்த குட்டிச் சுத்தி முன்னால் விழும். அதற்குப் பிறகே மேகசின், அதற்குப் பிறகே உறை. பழைய சிவப்பு வாளி, தீயணைக்க வைத்தது, தினமும் பத்துப் பதினைந்து பேர் அதற்குள் ஒன்றுமில்லாததைச் சுட்டுவிட்டுப் போவார்கள். இன்று ஸ்லைடை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அது நிச்சயம். அப்போது போன் அடித்தது. கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள். "அம்மா, ஹால் டிக்கெட்ல என் இனிஷியல் மாறிப்போயிருக்கும்மா, எக்ஸாம் எழுத விடமாட்டாங்களாம்மா," ஒரே அழுகை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஆபீஸ்ல போய் சொல்லு கண்ணு, அழாதே, ஆதார் எடுத்துட்டுப் போ, என்று சொல்லிக்கொண்டே. சொல்லிக்கொண்டே என்ன செய்தாள்? மேகசினைப் போட்டது தெரியும், உள்ளங்கையால் தட்டியது தெரியும். மணல் வாளிக்குள் அழுத்தினாளா? மகள் அழுதுகொண்டிருந்தாள். காலையில் மகளின் அழுகை, மத்தியானம் ஆரோக்கியத்தின் அழுகை. அவள் வாழ்வில் முக்கியமான சத்தங்களை எல்லாம் யாராவது ஒருவரின் அழுகை வந்து மூடிவிடுகிறது.

கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. உறையின் வாரைத் தள்ளி, விசைப்பக்கம் போகாமல், மேலே மட்டும். தொட்டாள். சுத்தி பின்னால் நிமிர்ந்து நின்றது. சுத்தி நிமிர்ந்திருந்தால் ஸ்லைடை இழுத்திருக்கிறாள் என்றுதான் பொருள். ஆனால் எப்போது? மத்தியானம், மேகசினோடு இழுத்திருந்தால் உள்ளே குண்டு. காலையில், மேகசின் இல்லாமல் இழுத்துப் பார்த்துவிட்டு வாளியில் விடாமல் வந்திருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இரண்டுக்கும் சுத்தி ஒரே மாதிரி நிற்கும். பாதுகாப்புக் கொக்கியை மேலே தள்ளினாள். அது தேய்ந்த கொக்கி, தள்ளினால் போகும், தானாகத் திரும்பியும் வரும், மாற்றித் தரும்படி மூன்று தரம் எழுதிப் போட்டாயிற்று. சரி, வெளியே எடுத்து ஒரு தரம் இழுத்துவிட்டால்? உள்ளே குண்டு இருந்தால் அது வெளியே தெறிக்கும், அடுத்தது உள்ளே போகும், சந்தேகம் தீரும். தெறித்த குண்டு எங்கே போகும்? ஜீப்பின் கதவு ஓரம் நான்கு விரல் இடைவெளி, தரையில் துருப்பிடித்த ஓட்டை. அது வழியாகச் சாலையில் விழுந்தால்? பத்து வாங்கினாய், ஒன்று எங்கே? நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கான்ஸ்டபிள் வாய்க்காலில் குனிந்து முகம் கழுவும்போது பையிலிருந்து ஒரே ஒரு ரவுண்டு நழுவியது. மூன்று நாள் ஸ்டேஷன் மொத்தமும் முழங்கால் சேற்றில் நின்று சல்லடை போட்டது. அவளும் போட்டாள். கிடைக்கவில்லை. அந்தப் பையனுக்கு மெமோ, விசாரணை, ஊதிய உயர்வு நிறுத்தம், பிறகு அவன் குடித்தான், பிறகு அவனைப்பற்றி யாரும் பேசவில்லை. சாவதற்குப் பயப்படுவதைவிட ஒரு ரவுண்டைத் தொலைக்கத்தான் தனக்கு அதிகப் பயமோ என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்தும் கை நகரவில்லை. குலுங்குகிற வண்டியில் வெளியே எடுப்பதே தப்பு என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். நியாயமும் சரியான நியாயம்தான். எல்லாத் துப்பாக்கியும் குண்டு போட்ட துப்பாக்கி, சந்தேகம் வந்தால் உள்ளே இருக்கிறது என்றே நினை. இரண்டு விரல் இல்லாத அந்த அம்மாள் சொன்னது. சரி, இருக்கிறது. இழுத்திருக்கிறேன். உள்ளே இருக்கிறது. இடது கையால் உறையை அழுத்திப் பிடித்து, குழலின் வாய் முனிரத்தினத்தின் முழங்காலை விட்டுத் தரையைப் பார்க்கும்படி திருகிக்கொண்டாள். இடுப்பு வலித்தது. இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லச் சொல்ல அது உண்மையாகவே கனத்தது.

வெள்ளைக் கார் இண்டிகேட்டர் போட்டது. போட்டுவிட்டு இடதுபக்கம் கிராமத்துச் சாலையில் திரும்பியது. "தப்பிச்சு ஓடுறவன் சிக்னல் போடுறான் பாருங்க," என்றார் முனிரத்தினம், "எந்த ஸ்கூல்ல ஓட்டக் கத்துக்கிட்டானோ." அவருக்கும் பயம் இருந்தது. கேலி செய்யும்போது அவர் குரல் மெலிந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. பூத்திருந்தது. மாம்பூவின் வாசனை ஜன்னல் வழியாக முகத்தில் வந்து மோதியது, இனிப்பும் புளிப்புமாக, யாரோ அழைப்பதுபோல. இப்படியொரு நேரத்தில் இவ்வளவு பூ எதற்கு. மைக் கரகரத்தது. இன்ஸ்பெக்டர். "வேதவல்லி, ஊருக்குள்ள போறதுக்குள்ள நிறுத்திடணும். டயரைச் சுடுங்க. டயரைச் சுடுங்க, ஓவர்." டயரை. சினிமாவில் டயரைச் சுட்டால் கார் அழகாகக் குட்டிக்கரணம் போடும். நிஜத்தில் ஓடுகிற ஜீப்பிலிருந்து ஓடுகிற காரின் டயர் ஒரு கையகல இருட்டு. அது தப்பினால் தார்ச்சாலை, தார்ச்சாலையில் பட்ட குண்டு எங்கே எழும், யார் வீட்டுத் திண்ணையில் எந்தப் பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்? மைக்கை எடுத்தாள். "ஐயா, ஆளுங்க நடமாட்டம் இருக்கு. சுட முடியாது. பின்னாலேயே போறோம். ஓவர்." மைக் மறுபடி கரகரத்தது. "உங்க இஷ்டம். அவன் யாரையாவது ஏத்திக் கொன்னா நீங்கதான் பதில் சொல்லணும்." இதற்கு அவர் ஓவர் சொல்லவில்லை. பதில் சொல்லணும். யாருக்கு? மகளுக்கா? சுடாததற்கும் பதில் சொல்ல வேண்டும், சுட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும், காணாமல்போன ரவுண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். இடது உள்ளங்கைக்குக் கீழே அது இருந்தது. இருக்கிறது.

வளைவு திரும்பியதும் கொள்ளு. அரை பர்லாங்குக்குச் சாலை முழுக்கப் பிடுங்கிய கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள், முழங்கால் உயரத்துக்கு, போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் காயை உதிர்க்கட்டும் என்று. போன வாரம்தான் அவள் இந்தப் பக்கம் வந்து சத்தம் போட்டிருந்தாள், ரோடு உங்க களமா, கொடி சக்கரத்துல சுத்தி வண்டி தீப்பிடிச்சா யார் பொறுப்பு என்று. பெண்கள் சிரித்தார்கள். "போலீசு வண்டியும் நாலு தரம் மிதிச்சிட்டுப் போகட்டும் மேடம், சீக்கிரம் உதிரும்." இப்போது செடியைப் புரட்டும் கவைக்கோலோடு அதே பெண்கள். ஒலிப்பானை முனிரத்தினம் விடாமல் அழுத்தினார், வேதவல்லி ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டிக் கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பெண்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். ஒருத்தியின் கவைக்கோல் நடுச்சாலையில் விழுந்தது. கார் அதன்மேல் ஏறிக் கொள்ளுக்குள் பாய்ந்தது, படகுபோல ஆடியது, செடியை வாரி வாரி அடியில் சேர்த்துக்கொண்டே போய், இருமி, திணறி, அடங்கியது. முனிரத்தினம் கொள்ளுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். திடீரென்று அவ்வளவு அமைதி. உதிர்ந்த கொள்ளு தாரில் சின்னச் சின்னதாக உருண்டு போகிற ஒலி கேட்டது. அவள் இறங்கினாள். கதவின் பின்னால் நிற்காதே. பாதுகாப்புக் கொக்கியை விடு. பிஸ்டலை எடு. இறங்கியதும் இழு என்பது விதி, ஆனால் இழுத்தாயிற்று, உள்ளே இருக்கிறது, இனி இழுத்தால் ஒன்று வெளியே தெறிக்கும், இவ்வளவு கொள்ளுக்குள் அதைத் தேடுவது எப்படி. அவள் இழுக்கவில்லை. போட்டிருப்பது பூட்ஸா செருப்பா என்று தெரியாத அளவுக்குக் கால் மரத்திருந்தது, கொடி கணுக்காலைப் பின்னியது. பின்பக்கமாக, வலதுபுறமாக, சாய்வாக. "கையைத் தூக்கு! வெளியில நீட்டு, ரெண்டு கையும்!" காருக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய புகை எழுந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரே ஒரு தலை. வழுக்கை விழத்தொடங்கிய, நாற்பது வயதுத் தலை. ஒரு கை ஜன்னலுக்கு மேலே வந்தது. இன்னொரு கை வரவில்லை. இன்னொரு கை இடுப்புக்குப் போனது. "கையை எடு! எடுடா கையை!" தோள் குனிந்தது, கை இடுப்பில் எதையோ பிடித்துப் பலமாக இழுத்தது, எதையோ உருவுகிறான், நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்காங்களாம், களாம், முகத்தைப் பார்க்காதே கையைப் பார், அவள் கையைத்தான் பார்த்தாள், தன் கையைப் பார்க்கவில்லை. விரல் மடங்கியது.

டக்.

அவ்வளவுதான். மாம்பூ வாசனை அப்படியே இருந்தது. அவன் திரும்பினான். கண்ணெல்லாம் நீர், புகையாலோ எதனாலோ. "அக்கா," என்றான், "பெல்ட்டு கழல மாட்டேங்குதுக்கா. இப்பத்தான் டக்குனு சத்தம் கேட்டுச்சு, கழண்டுடுச்சுன்னு நெனச்சேன். கழலல." அடியில் கொடி தீப்பிடித்துச் சடசடத்தது. பிஸ்டலை எப்போது உறைக்குள் வைத்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை, இனி எப்போதும் நினைவு வராது. கதவைத் திறந்து அவன் மடிக்குக் குறுக்கே குனிந்தாள். வியர்வை, பீடி, பச்சரிசி வாசம். பின்னிருக்கை முழுக்க ரேஷன் அரிசி மூட்டைகள், ஒன்று சரிந்து பெல்ட்டின் கொக்கியை நசுக்கிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தோளால் முட்டித் தள்ளினாள். சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினாள். அதே விரல். டக் என்று அது விடுபட்டது. அவன் அவள்மேலேயே சரிந்து விழுந்தான், இருவருமாகக் கொள்ளில் உருண்டார்கள். பெண்கள் மண்ணை வாரி வாரிக் காருக்கு அடியில் வீசினார்கள், முனிரத்தினம் குடத்தோடு ஓடிவந்தார். "பேர் என்னடா?" என்று அவர் கேட்டார். "திம்மராயன்ங்க." "தப்பிச்சு ஓடுறவன் எதுக்குடா பெல்ட்டு போட்டே?" அவன் யோசித்தான். "பழக்கங்க. பொண்ணு போடச் சொல்லும்." அரை மணியில் வந்த இன்ஸ்பெக்டர் பதினொரு மூட்டைகளையும் எண்ணிவிட்டு அவளிடம் வந்தார். காருக்குள் ஆயுதம் ஏதுமில்லை. "ஒரு ரவுண்டுகூடப் போகலையே? வெரி குட். நீங்க சொன்னதும் சரிதான்." "போகலைங்கய்யா," என்றாள். அது உண்மை. திம்மராயன் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டிய கொள்ளுக் காய்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரோக்கியத்துக்கு முழங்கால் போய்விட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று மைக்கில் சொன்னார்கள். மகளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: சரிபண்ணிட்டாங்கம்மா, ஸாரி, காலைல பயந்துட்டேன்.

ஐந்தரை மணிக்கு ஆயுத அறையில் தங்கப்பன் ரவுண்டுகளைத் தகரத்தட்டில் கொட்டினார். பத்து கொடுத்தேன், பத்து வந்தது, என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார். பிஸ்டலைப் புரட்டிப் பார்த்தார். "சுத்தி இறங்கியிருக்கே," என்றார். "காலையில வாளியில விடாம போயிட்டீங்க மேடம். பின்னாலேயே கூப்பிட்டேன், நீங்க போன்ல இருந்தீங்க. நாள் பூரா எனக்கு அதே நெனப்பு. எங்க விட்டீங்க?" தினமும் கேட்கிற கேள்விபோலத்தான் கேட்டார். பேனா தாள்மேல் காத்திருந்தது. ஒரு சுவர்மேல என்று சொல்லலாம். வானத்தைப் பார்த்து என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது, அவன் பெல்ட் என்று நினைத்தான், இன்று ராத்திரி லாக்கப்பில் மகளை நினைத்துக்கொண்டு படுத்திருப்பான். "ஆள் மேல," என்றாள் வேதவல்லி. பேனா தாளில் படாமல் நின்றது. "என்ன மேடம்?" "காலையில மணலுக்குப் போக வேண்டியது. அவர் நெஞ்சுக்கு நேரா விட்டேன். திம்மராயன்னு பேரு." கூரையில் ஒரு குளவி இரைந்துகொண்டிருந்தது. தங்கப்பன் பதிவேட்டை மூடினார், மூடிவிட்டுக் கம்பி வழியாகப் பிஸ்டலை அவளிடம் நீட்டினார். வாசலுக்கு வந்து காலால் மணல் வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "இதுல ஒரு தரம் விட்டுட்டுப் போங்கம்மா," என்றார், மெதுவாக. அவள் ஸ்லைடை இழுத்தாள். கர்ரக். இந்தச் சத்தம் கேட்டது, தெளிவாகக் கேட்டது. உள்ளே ஒன்றுமில்லை. பார்த்தாள், ஒன்றுமில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். குழலை வாளிக்குள் காட்டினாள். மணலில் யாரோ அணைத்த பீடித்துண்டு ஒன்று கிடந்தது. விரலை விசைமேல் வைத்தாள். தங்கப்பன் காத்திருந்தார். விரல் மடங்கவில்லை.